ரத்தம் ஏறிருச்சு

எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை என்றால் நீல மாத்திரை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று. இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்தது. பத்தாம் வகுப்பிலிருந்தே நான் வகுப்புத் தலைவி என்பதால் மாத்திரை அட்டைகள் என் கையில்தான் இருக்கும். எல்லோரும் டீச்சர் கண்முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. டீச்சர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு பாதி மாத்திரை ஜன்னல் வழியாக வேப்பமரத்தடிக்குப் போகும். குமட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று ஆளுக்கொரு காரணம்.

"இந்த ஸ்கூல்லயே அந்த வேப்பமரத்துக்குத்தாண்டி ரத்தம் சாஸ்தி," என்பாள் தாமரைச்செல்வி. அவள் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். "எறியாதீங்கடி, எங்கிட்ட குடுங்க," என்று கேட்டு வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் அம்மாவுக்காக.

இப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பெண்கள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இதை யாரிடமாவது முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பெயர் ஜெயக்கொடி. பழங்காநத்தத்தில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் பவர் மெஷின் ஓட்டினாள். அப்பா மருது குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார், மாட்டுத்தாவணியிலிருந்து காய்கறி ஏற்றி இறக்குவார். போன வருஷம் சித்திரையிலிருந்தே அம்மா வெளுத்துக்கொண்டு வந்தாள். வெறும் வெளுப்பு இல்லை, பழைய காகிதம் மாதிரி லேசான மஞ்சள். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குவாள். நாக்கு தோல் உரிந்தது போலச் சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரசத்தில் இருக்கிற மிளகுகூட எரிகிறது என்று தயிர்சோறாகத் தின்றாள். தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு பாயிண்ட் ரெண்டு.

"ஒடம்புல ரத்தமே இல்லம்மா," என்றார் அந்த டாக்டர். ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, ஈரலும் கீரையும் சாப்பிட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அம்மா டானிக்கை ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டாள். திரும்பிப் போகவும் இல்லை.

அப்பா மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் கறிக்கடையில் சொல்லிவைத்து சுவரொட்டி வாங்கி வருவார். ஆட்டின் மண்ணீரல்தான் சுவரொட்டி. அதைச் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அம்மா அதை மூன்றாக நறுக்கி, பெரிய துண்டை என் தட்டில் வைப்பாள்.

"எனக்கு எதுக்கும்மா? ஒனக்குத்தான் வாங்கிட்டு வந்திருக்கு."

"வயசுக்கு வந்த புள்ள, பேசாம தின்னு. நான் என்னா ஓட்டப்பந்தயமா ஓடப் போறேன்?"

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாத்திரை யோசனை வந்தது. பள்ளியில் அம்மாமார்களுக்கும் கொடுக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று பொய் சொன்னேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அம்மா நம்பினாள்.

"கவர்மெண்டு எம்புட்டு நல்லது பண்ணுது பாரு. நம்மதான் சும்மா வைஞ்சுக்கிட்டே இருக்கோம்," என்று சொல்லி விழுங்கினாள்.

நம்பமாட்டீர்கள், மூன்றாவது வாரமே மூச்சு வாங்குவது குறைந்தது. நாக்கு எரிச்சல் போனது. தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ராத்திரி எட்டு வரை ஓவர்டைம் பார்த்தாள். அந்தச் சமயத்தில் மறுபடி ரத்தம் எடுத்தோம். பதினொன்று பாயிண்ட் நாலு. லேப் வாசலிலேயே அப்பா சத்தம் போட்டார்.

"ஏய் ஜெயா, ரத்தம் ஏறிருச்சு! சுவரொட்டி வேலையக் காட்டிருச்சு பாத்தியா!"

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சுவரொட்டியில்லை, மகள் கொடுத்த மாத்திரை என்று அர்த்தம். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் வீட்டில் அந்த நோய்க்கு இரண்டே பேச்சுதான். ரத்தம் இல்லை என்பார்கள். பிறகு ரத்தம் ஏறிருச்சு என்பார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுவது மாதிரி. ஏறிவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடலாம், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம். பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டில் அம்மா முன்னால் போகிறாள், நான் பின்னால். அவளுடைய இடது செருப்பு கழன்று நடுவழியில் கிடக்கிறது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, செருப்பு!"

"என்னா செருப்பு?" திரும்பிக் காலைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல. பிறகு சிரித்தாள். "மெதிச்சு மெதிச்சு மரத்துப்போயிருச்சுடி. மெஷின் காலு."

அடுத்த மாதம் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். சோப்பு வழுக்கிவிட்டது என்றோம். கம்பெனியில் தையல் கோணத் தொடங்கியது. பவர் மெஷினில் கால் அழுத்துகிற அளவுக்குத்தான் வேகம். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அம்மாவின் காலுக்குத் தெரியவில்லை.

"ஜெயக்கொடிக்கா, நைட்டி தைக்கச் சொன்னா நீங்க பைபாஸ்ல பஸ்ஸு ஓட்டுறீங்க," என்றாராம் சூப்பர்வைசர் இம்மானுவேல். அம்மா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பங்குனிக் கடைசியில் ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கியது. அதோடு வேலைக்குப் போகவில்லை. வைகாசியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் பார்த்து, முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்.

"ரத்தம் எல்லாம் எப்படி இருக்கு?"

"ரத்தத்துக்குக் கொறச்சலே இல்ல சார்," என்றார் அப்பா பெருமையாக.

"அப்ப பயப்பட வேணாம்." ஆவணியில் ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. விலங்கியல் டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒரு நோய், அதற்கு மருந்து கண்டுபிடித்த கதை, சார்ட்டில் எழுதிப் படம் வரைய வேண்டும். எனக்கும் தாமரைச்செல்விக்கும் வந்த சீட்டில் 'பெர்னீசியஸ் அனீமியா' என்று இருந்தது. எங்களுக்கு வாயிலேயே நுழையவில்லை. ஒருவகை ரத்தசோகை, நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தால் சாவுதான் என்று டீச்சர் சொன்னார். நான் அவருடைய லேப்டாப்பில் படித்துப் படித்துச் சொல்ல, தாமரை வரைந்தாள்.

"மொதல்ல ஒருத்தரு நாயில இருந்து ரத்தத்த எடுத்து எடுத்து அதுகள வெளுக்க வச்சிருக்காரு. அப்பறம் ஒவ்வொரு சாப்பாடா குடுத்துப் பாத்தா, ஈரல் குடுத்தப்பதான் வேகமா ரத்தம் ஊறிருக்கு."

"இத எங்க கறிக்கடை அண்ணேகிட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பாரு. பாவம், நாய எதுக்குப் பாடாப்படுத்துனாய்ங்க?"

"அதப் பாத்துட்டு வேற ரெண்டு டாக்டருக நோயாளிகளுக்குத் தினமும் கால் கிலோ ஈரல் குடுத்திருக்காங்க. சாகக் கெடந்தவங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்களாம்."

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. நாய்களுக்கு உதவியது ஈரலில் இருந்த இரும்பு. மனிதர்களுக்கு உதவியது ஈரலுக்குள் ஒளிந்திருந்த வேறொன்று. அது பி12 என்று பேர் தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கணக்கைத் தப்பாகப் போட்டு விடை சரியாக வந்த மாதிரி. அதை நான் சொன்னதும் தாமரை, "நம்ம மேக்ஸ் டீச்சர் அதுக்கும் முட்டைதான் போடுவாங்க," என்றாள்.

பிறகு இன்னொரு டாக்டர் கதை. நோயாளிகளுக்கு வெறும் கறியைக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதே கறியை அவரே தின்று, ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, அதைக் குழாய் வழியாக அவர்களுக்குக் கொடுத்தார். ரத்தம் ஊறியது.

"ச்சீ! வாந்தியவா?" தாமரை பென்சிலைக் கீழே போட்டாள். "இத நான் வரைய மாட்டேன், ஆமா. எங்காத்தா சார்ட்டப் பாக்க வரும்."

"கேளுடி. நல்ல வயித்துல ஏதோ ஒண்ணு ஊறுது. இந்த நோய் இருக்கவங்க வயித்துல அது ஊறல. அதனால அவங்க எம்புட்டு ஈரல் தின்னாலும் அதுல இருக்க சத்து ரத்தத்துல சேராம வெளிய போயிருது. கிலோ கணக்குல தின்னாதான் கொஞ்சமாச்சும் ஒட்டும்."

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே இருந்தது இதுதான். 1940களில் போலிக் அமிலம் என்று ஒரு புது மருந்து வந்தது. இந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். ரத்தம் கிடுகிடுவென்று ஏறியது, மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். மாதங்கள் போயின. அதே நோயாளிகள் திரும்பி வந்தார்கள். கால் மரத்திருந்தது. கண்ணை மூடினால் விழுந்தார்கள். சிலர் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. போலிக் அமிலம் ரத்தத்தைத்தான் சரிசெய்தது. முதுகுத்தண்டுக்குள் நரம்பு பி12 இல்லாமல் கெட்டுக்கொண்டே இருந்தது. ரத்தம் நன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போலிக் அமிலம் என்ற அந்தப் பெயரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் தாமரை.

"ஒண்ணுமில்ல," என்றேன். அதை மட்டும் சார்ட்டில் எழுதவில்லை.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மா வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

"மாத்திரைய எங்கடி?"

"தீந்துருச்சும்மா."

"அடுத்த வியாழக்கிழம வாங்கியா. அது இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பள்ளியில் டீச்சர் கையெழுத்துப் போட்ட நோட்டு கேள்விக்கு வரும். என்னை வெளியே அனுப்புவார்கள். அப்பா அடிக்க மாட்டார், ஆனால் பேசாமல் இருந்துவிடுவார், அது அடியைவிட மோசம். இதெல்லாம் யோசித்தேன். இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது, அதைத்தான் என்னால் நினைக்கவே முடியவில்லை. அம்மா தினமும் என் கையிலிருந்து அதை வாங்கி விழுங்கிய முகம்.

திங்கட்கிழமை காலையில், பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை காட்டிவிடலாம் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். முதுகைக் கீறுவதற்கு முன்னால் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதாகச் சொன்னேன். அதுவும் பொய்தான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அங்கே ஹஃபீஸா என்ற டாக்டர் பார்த்தார். வயது முப்பதுகூட இருக்காது. தூக்கமில்லாத கண்கள். அம்மாவை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அம்மா சாய, அவரே தாங்கிப் பிடித்தார். ரிப்போர்ட்டைப் புரட்டினார். ரத்தப் பரிசோதனை இருந்த பக்கத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"வேற ஏதாச்சும் மருந்து மாத்திரை சாப்புடுறீங்களா?"

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் அப்பா. அம்மா வாய் திறப்பதற்குள் நர்ஸ் அவர்களை ரத்தம் எடுக்கிற ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார். நான் நகரவில்லை.

"என்ன பாப்பா? நீயும் போ."

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து மேஜையில் வைத்தேன். மிச்சம் இருந்த நீல மாத்திரைகள் உருண்டன.

"தெனம் ரெண்டு. ஒரு வருசமா நான்தான் குடுத்தேன் டாக்டர். அதுக்கு முன்னாடி ரத்தம் ஏழுதான் இருந்துச்சு. பி12 பாருங்க."

அவர் மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எக்ஸிபிஷனுக்குச் சார்ட்டு எழுதுனேன்."

அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. நர்ஸிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்கி இன்னும் இரண்டு டெஸ்ட் சேர்த்து எழுதினார்.

அம்மா ரத்தத்தில் பி12 இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். வார்டில் சேர்த்து அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள். மருந்து நல்ல சிவப்பாக இருக்கும்.

"டாக்டரம்மா, இதென்னா ரத்தமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, சத்து ஊசி. கலரு அப்பிடி. கோளாறு முதுகு டிஸ்க்குல இல்ல ஒங்களுக்கு. ஒங்க பொண்ணு வந்து சொன்னதாலதான் நாங்க இதப் பாத்தோம்."

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு வராந்தாவில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் அந்த மாத்திரையக் குடுக்காம இருந்திருந்தா?"

"உண்மையச் சொல்லவா?"

தலையாட்டினேன்.

"ரத்தம் இன்னும் கொறஞ்சு, மூச்சு வாங்கி, போன வருசமே எங்கயோ ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க. அப்பவே கண்டுபுடிச்சு ஊசி போட்டிருக்கலாம். நரம்பு இம்புட்டு தூரம் கெட்டிருக்காது."

"இப்ப சரியாகுமா?"

"கொஞ்சம் ஆகும். எம்புட்டுன்னு என்னால சொல்ல முடியாது. ஆறு மாசம், ஒரு வருசம் பாக்கணும். போனது அம்புட்டும் திரும்பி வராது." கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "முதுகக் கீறாமத் தப்பிச்சதும் ஒன்னாலதான். அதையும் நெனச்சுக்க. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்றது சரியா இருக்காது."

சரி என்றேன். சொல்லவில்லை.

சொல்லவிடாமல் செய்தது அம்மாதான். வார்டு முழுக்க என் புகழ் பாடினாள். பக்கத்துக் கட்டிலில் ராமக்காள் என்று வண்டியூர்க்காரம்மா, சர்க்கரைப் புண்ணுக்கு வந்தவர். அவரிடம் தினமும் ஒரே கதை.

"மொதல்ல ரத்தத்த ஏத்துனதும் எம் மகதான், இப்ப நோயக் கண்டுபுடிச்சதும் எம் மகதான். அவ குடுத்த மாத்திரை இல்லாட்டி போன வருசமே போய்ச் சேந்திருப்பேன்."

"ஒனக்கென்னம்மா, வீட்டுக்குள்ளயே டாக்டர வச்சிருக்க. எனக்கும் ஒண்ணு இருக்கு, எந்நேரமும் போன நோண்டிக்கிட்டு. ஆத்தா செத்தாலும் ஸ்டேட்டஸ் போட்டுட்டுத்தான் அழுவும்."

அவர்கள் சிரிப்பார்கள். நான் பிளாஸ்கைக் கழுவுவதுபோல வெளியே போய்விடுவேன்.

தினமும் சாயங்காலம் ஒரு சின்ன வேலையை டாக்டர் எனக்குக் கொடுத்திருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் அவள் கால் கட்டைவிரலை இரண்டு பக்கமும் பிடித்து மேலேயோ கீழேயோ லேசாக அசைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று அவள் சொல்ல வேண்டும். பத்துத் தடவை. எத்தனை சரி என்று சீட்டில் எழுத வேண்டும்.

முதல் நாள் நான் கீழே மடக்கினேன். "மேல," என்றாள் அம்மா. மேலே தூக்கினேன். "இப்பவும் மேலதான்." நான் விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். "கீழ போகுது," என்றாள். கடைசியில் கண்ணைத் திறந்து, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"சரிம்மா," என்றேன். சீட்டில் ஏழு என்று எழுதினேன்.

அடுத்த நாளும் அப்படியே. பிறகு எட்டு. அம்மா ராமக்காளிடம் மார்க் சொன்னாள், சாப்பாடு கொண்டுவந்த அப்பாவிடம் சொன்னாள். எட்டு நாள் இப்படிப் போனது. இன்று காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் சீட்டைப் பார்த்து, "நல்லா வருதே, திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம்," என்றார். ஹஃபீஸா டாக்டர் இன்று லீவு. அம்மா உடனே அப்பா போனை வாங்கி இம்மானுவேலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அடுத்த மாசம் வாரேன். காலு தேறிருச்சு. எம் மெஷின யாருக்கும் குடுத்துறாதீக. என்னது? பஸ்ஸா? இந்தத் தடவ ஒழுங்கா ஓட்டுறேன்யா!"

அந்த மெஷின் ஊசி ஒரு நொடியில் எத்தனை தடவை இறங்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கால் அழுத்துவது அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும். ஒரு வருஷம் மாத்திரையில் செய்ததை நான் இப்போது சீட்டில் செய்துகொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் அப்பா இருந்ததால் விரல் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு அப்பா போன பிறகு, "மார்க் போடலையா டீச்சர்?" என்று அம்மாவே காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். நான் கட்டைவிரலைக் கீழே மடக்கினேன்.

"மேல. சரியா?"

"இல்லம்மா. கீழ."

கண்ணைத் திறந்தாள். "நேத்து பத்துக்கு எட்டுன்ன?"

"பொய் சொன்னேன்."

"முந்தாநேத்து?"

"அதுவும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. வேப்பமரத்தைச் சொல்லி, சார்ட்டுக்குத் தாவி, மறுபடி போன வருஷ ஆடிக்குப் போனேன். ரத்தம் ஏறியது, நரம்பு கெட்டது, ஏறியதால்தான் கெட்டது தெரியாமல் போனது. ராமக்காள் குறட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் அம்மா காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அம்மாமாருக்குன்னு ஸ்கூல்ல குடுக்கல?"

"இல்ல."

"யாரு மாத்திர அது?"

"எங்க கிளாஸ் புள்ளைகளுது. தூக்கித்தாம்மா போடுவாளுக."

"தூக்கிப் போட்டாலும் அதுகளுது." மேலே பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்க கிளாஸ்ல அந்த ஆரிபாப் புள்ள, வெளுத்துப்போய் இருக்குமே. அது மாத்திரையுமா?"

"ம்."

"அது போன மாசம் பிரேயர்ல மயங்கி விழுந்துச்சுன்னு நீதான வந்து சொன்ன?"

நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட. வாங்கிக்கொண்டபோது ஆரிபா "நல்லவேள, நீயாச்சும் வாங்கிக்கிறியே" என்று சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அப்போதுதான் அழுதேன். அம்மா என் பக்கம் கையை நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல புள்ள," என்றாள் சுவரைப் பார்த்து. "சின்ன வயசுல நான் எதுன்னாலும் எங்காத்தாகிட்ட ஒரு வார்த்த கேப்பேன்."

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. அம்மா நேராகப் படுத்துக் காலை மறுபடி போர்வைக்கு வெளியே தள்ளினாள்.

"மொதல்லருந்து பண்ணு. பாத்து உள்ளதச் சொல்லு."

பத்துத் தடவை செய்தேன். ஒவ்வொன்றுக்கும் சரி, தப்பு என்று சொன்னேன். தப்பு என்று சொல்கிறபோது அவள் மூடிய கண்ணிமை துடிக்கும். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

"எம்புட்டு?"

"நாலு."

"பழசெல்லாம் அடிச்சிட்டு இத எழுது. காலைல அந்த டாக்டர் புள்ள வந்ததும் சீட்டக் குடுத்து நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

எட்டு நாளையும் அடித்தேன். அழுத்தி அடித்ததில் சீட்டு கிழிந்தது.

"அப்பறம் இம்மானுவேலுக்கு ஒரு போனு போட்டுக் குடு. மெஷின வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிருவோம். ஒரு ஆளு பொழப்ப எதுக்குப் புடிச்சு வைக்கணும்?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் கோபமாக இல்லை. எப்போதும்போலவும் இல்லை. நான் சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மின்விசிறிக் காற்று குளிர்ந்தது. அவள் கால் இரண்டும் போர்வைக்கு வெளியே கிடந்தன. எழுந்து போய்ப் போர்வையை இழுத்துக் கணுக்கால், பாதம், விரல் வரைக்கும் மூடினேன்.

அம்மா கண்ணை மூடியபடியே இருந்தாள்.

"காலப் போத்திட்டியா?" என்று கேட்டாள்.

"போத்திட்டேம்மா."